"ஓடுதுல்ல, விடு" என்பது சான்று ஆகாது

சாப்ட்வேர் உலகத்தில் ஒரு தாரக மந்திரம் உண்டு. "டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லா ஓடுது." இந்த ஒரு வரியை நம்பித்தான் வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், பங்குச் சந்தை என்று சகலமும் நடக்கிறது. இதே வரியை ஒரு கம்பெனி கணக்காளர் ஆடிட்டரிடம் சொல்லிப் பார்க்கட்டும். "சார், பத்து வவுச்சர் எடுத்துப் பார்த்தேன், பத்தும் சரி. அதனால மொத்தக் கணக்கும் சரி." ஆடிட்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "அந்தப் பத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியை கணினிக்காரர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

ஒரே ஒரு கணினியில் ஓடும் நிரலைப் பற்றி இங்கே பேச்சில்லை. அது பரவாயில்லை, தப்பு செய்தால் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே தப்பைச் செய்யும், பிடித்துவிடலாம். பேச்சு, பல கணினிகள் வலைப்பின்னலால் சேர்ந்து வெளியே பார்ப்பவருக்கு ஒரே கணினி மாதிரி நடிக்கும் அமைப்புகளைப் பற்றி. டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம் என்பார்கள். இன்றைக்குப் பணத்தைத் தொடுகிற எந்தப் பெரிய அமைப்பும் இந்த ரகம்தான்.

இதில் என்ன அப்படிக் கஷ்டம்? ஒரு சின்னப் பணப் பரிமாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ வங்கியிலிருந்து ஆ வங்கிக்கு 500 ரூபாய் போக வேண்டும். அ வங்கி தன் பக்கம் 500 கழித்துவிட்டு "அங்கே 500 ஏற்று" என்று செய்தி அனுப்புகிறது. பதில் வரவில்லை. இப்போது என்ன செய்வது? செய்தியே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது செய்தி சேர்ந்து, பணம் ஏறி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அ வங்கியின் பார்வையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். திரும்ப அனுப்பினால் 500 இருமுறை ஏறும் ஆபத்து. அனுப்பாவிட்டால் 500 காற்றில் கரையும் ஆபத்து.

"இதென்ன பிரமாதம், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு எண் கொடு. ஏற்கெனவே பார்த்த எண் வந்தால் ஆ வங்கி ஒதுக்கிவிடட்டும்" என்று சொல்லலாம். நல்லது. பணத்தை ஏற்றிவிட்டு எண்ணைக் குறித்துவைப்பதற்குள் ஆ வங்கியின் கணினி செத்துப் பிழைத்தால்? மறுபடி இருமுறை ஏறும். "சரி, பணமும் எண்ணும் ஒரே மூச்சில் பதிவாகட்டும்." அதுவும் நல்லது. ஆ வங்கியில் ஒரு கணினி விழுந்தால் அதன் இடத்தைப் பிடிக்க இன்னொரு பிரதிக் கணினி இருக்கிறது. கடைசிப் பதிவு அந்தப் பிரதிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் கணினி விழுந்தால்? விழுந்ததாக எல்லோரும் நினைத்த முதல் கணினி உண்மையில் விழவே இல்லை, வலை மட்டும்தான் அறுந்தது என்றால்? இரண்டும் "நான்தான் தலைமை" என்று கணக்கு எழுத ஆரம்பித்தால்?

நாலாவது கேள்விக்கே தலை சுற்றுகிறது அல்லவா. எப்பேர்ப்பட்ட அனுபவசாலிக்கும் அப்படித்தான். ஒரு ஓட்டையை அடைத்தால் அந்த அடைப்பிலேயே அடுத்த ஓட்டை.

இப்போது டெஸ்ட் செய்வதன் கணக்கைப் பார்ப்போம். இரண்டு கணினிகள், ஆளுக்குப் பத்து அடிகள் எடுத்துவைக்கின்றன. எது முந்தும் எது பிந்தும் என்று தெரியாது. இந்த இருபது அடிகளும் எத்தனை வரிசைகளில் நடக்கலாம்? 1,84,756 வரிசைகளில். மூன்று கணினிகள், ஆளுக்குப் பத்து அடி என்றால்? 5 லட்சத்து 55 ஆயிரம் கோடி வரிசைகள். நம்பாதவர்கள் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் வரிசைமாற்றப் பாடத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் இதில் ஒரு கணினிகூட விழவில்லை, ஒரு செய்திகூடத் தொலையவில்லை! டெஸ்ட் செய்தோம் என்கிறவர் இதில் எத்தனை வரிசைகளைப் பார்த்திருப்பார்? ஆயிரம்? ஒரு கோடி? அதுவும் ஆபீஸுக்குள், நல்ல வலைப்பின்னலில், எல்லாம் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்கிற சூழ்நிலையில், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான வரிசைகளை.

ஆடிட்டிங்கில் டெஸ்ட் செக் உண்டுதான். சில வவுச்சர்களைப் பார்த்து மற்றவற்றை ஊகிக்கலாம். ஆனால் அங்கே ஆடிட்டர் எதைப் பார்ப்பது என்று யோசித்து எடுக்கிறார், நிறுவனத்தின் உள்கட்டுப்பாடு எப்படி என்று முதலில் எடைபோடுகிறார். இங்கே பிழை ஒளிந்திருப்பது அபூர்வமான ஒரு வரிசையில். ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கான பரிமாற்றம் நடக்கும் அமைப்பில் 'அபூர்வம்' என்பது வாரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டும்.

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேலாகவே இருக்கிறது. கோபமே அதனால்தான்.

வழி இதுதான். நிரல் எழுதும் முன்பு, அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணித மொழியில் எழுதுவது. பார்மல் ஸ்பெசிபிகேஷன் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதில் மூன்றே விஷயங்கள். ஒன்று, அமைப்பு எந்த நிலையில் தொடங்குகிறது. இரண்டு, எந்தெந்த அடிகளை எடுத்துவைக்கலாம். செய்தி தொலைவதும் கணினி விழுவதும் இதில் அடக்கம். மூன்று, என்ன நடந்தாலும் உடையவே கூடாத விதி எது.

மேலே சொன்ன வங்கிக் கதைக்கு அந்த விதி ஒரே வரி. அ-வின் இருப்பு, ஆ-வின் இருப்பு, வழியில் இருக்கும் பணம், மூன்றின் கூட்டுத்தொகை எப்போதும் மாறக்கூடாது. பி.காம். படிப்பவர்களுக்கு இது அரதப்பழசு. கிளைக் கணக்குகள் பாடத்தில் கேஷ் இன் டிரான்சிட் என்று ஒரு பதிவு போடுவார்களே, அதேதான்! பற்றும் வரவும் சமமாக இருக்க வேண்டும் என்று லூக்கா பாசியோலி 1494-இல் அச்சிட்டுவிட்டார். ஐந்நூறு வருடமாக வியாபாரிகள் கடைப்பிடிக்கும் ஒழுங்கைக் கணினித் துறையில் எழுதிவைக்கச் சொன்னால் "அதுக்கெல்லாம் டைம் இல்ல பாஸ்" என்கிறார்கள்.

எழுதிய பிறகு என்ன செய்வது? மாடல் செக்கர் என்ற கருவியிடம் கொடுக்க வேண்டும். மூன்று கணினி, இரண்டு பரிமாற்றம் என்று சின்ன மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் அமைப்பு போய்ச் சேரக்கூடிய நிலைகள் அத்தனையையும் அது ஒன்று விடாமல் அலசும். விதி உடைகிற நிலை ஒன்று கிடைத்தால், முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை எந்த வழியாக அங்கே போனது என்று பட்டியலே போட்டுக் கொடுக்கும். லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் என்ற மொழி இதற்கென்றே இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய புத்தகம் வந்தது 2002-இல். அவருக்கு 2013-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதும் கிடைத்தது. மாடல் செக்கிங்கை உருவாக்கிய கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் 2007-ஆம் ஆண்டுக்கான அதே விருது. ஆக, மூலையில் கிடக்கும் அறியப்படாத வித்தை இல்லை இது.

"அதெல்லாம் புரொபசர்களுக்கு, நிஜ கம்பெனிக்கு ஒத்துவராது" என்பது அடுத்த வசனம். அப்படியா? அமேசானை விடவா நிஜமான கம்பெனி வேண்டும்?

அமேசானின் கிளவுட் பிரிவு 2011-லிருந்து டிஎல்ஏ பிளஸ் பயன்படுத்துகிறது. அதன் பொறியாளர்களே 2015-இல் ஒரு கட்டுரையில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். டைனமோடிபி என்ற தரவுத்தளம் வெளியாகும் முன்பு, அதன் பிரதி எடுக்கும் முறையை வரையறையாக எழுதி மாடல் செக்கரில் போட்டார்கள். தகவலையே இழக்கச்செய்யும் பிழை ஒன்று வெளிவந்தது. அது தலைகாட்ட, விழுவதும் எழுவதுமாக 35 அடிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நடக்க வேண்டும். அதுதான் மிகக் குறுகிய வழியே! வடிவமைப்பு ஆய்வு, நிரல் ஆய்வு, கடுமையான டெஸ்ட் எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பிழை ஒளிந்திருந்தது. 35 அடி முன்னே யோசிக்க விஸ்வநாதன் ஆனந்தாலும் முடியாது. கருவியால் முடியும்.

எவ்வளவு செலவாயிற்று? அதே கட்டுரை பதில் சொல்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் மூத்த பொறியாளர் வரை, இரண்டு மூன்று வாரத்தில் புதிதாகக் கற்றுக்கொண்டு பயனும் கண்டிருக்கிறார்கள். டைனமோடிபி வரையறையின் நீளம் ஆயிரம் வரிகூட இல்லை. இரண்டு மூன்று வாரம்! ஒரு செமஸ்டர் ஸ்டடி லீவ் அளவு. கோடிக்கணக்கில் புழங்கும் திட்டத்துக்கு இது "டைம் இல்ல" என்று ஒதுக்கக்கூடிய செலவா?

"எங்க ஆளுங்க கெட்டிக்காரங்க, யோசிச்சுத்தான் செய்வாங்க" என்பவர்களுக்கு இன்னொரு கதை. 2001-இல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் கோர்டு என்ற புரோட்டோகாலை வெளியிட்டார்கள். மத்தியில் தலைவன் என்று யாரும் இல்லாமல் ஆயிரக்கணக்கான கணினிகள் வட்டமாகக் கைகோத்து, எந்தத் தகவல் யாரிடம் என்று கண்டுபிடிக்கும் முறை. எளிமை, நிரூபிக்கத்தக்க சரித்தன்மை, நிரூபிக்கத்தக்க வேகம், இந்த மூன்றும்தான் கோர்டின் சிறப்பு என்று கட்டுரையிலேயே சொன்னார்கள். உலகம் முழுக்கப் பாடமாக நடத்தினார்கள். 2011-இல் காலத்தை வென்ற கட்டுரை என்று விருதும் கொடுத்தார்கள்.

மறு வருடம், 2012-இல், ஏடி அண்ட் டி ஆய்வகத்தின் பமீலா ஜேவ் அதை அல்லாய் என்ற கருவியின் மொழியில் வரையறையாக எழுதிப் பார்த்தார். அதுவரை வெளியான கோர்டு வடிவங்களில் ஒன்றுகூடச் சரியில்லை என்று தெரிந்தது. ஒருபோதும் உடையாது என்று சொல்லப்பட்ட ஏழு விதிகளில் ஒன்றுகூட உண்மையில் உடையாத விதி இல்லை. ஏழுக்கு ஏழும் காலி! எழுதியவர்கள் யாரும் சாமானியர்கள் இல்லை, உலகத்தின் முதல்தரமான மூளைகள். தமிழிலோ ஆங்கிலத்திலோ "இது சரியாக வேலை செய்யும்" என்று எழுதுவது எத்தனை சுலபமோ அத்தனை ஆபத்து. பிறகு ஜேவே அதைத் திருத்தி, சரி என்று நிரூபித்த வடிவத்தையும் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். குறை கண்டதோடு நிற்கவில்லை, வழியும் காட்டியது அந்த வரையறைதான்.

இனி எதிர்க்கட்சி வாதம். அதையும் கேட்டாக வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை.

"நிரூபிச்ச சிஸ்டத்துலயும் பக் வந்துச்சே?" வந்தது. கணித முறையில் நிரூபித்ததாகச் சொன்ன மூன்று அமைப்புகளை 2017-இல் ஆராய்ச்சியாளர்கள் நோண்டிப் பார்த்து 16 பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தப் பிழைகள் எங்கே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வதுதானே நேர்மை? நிரூபித்த பகுதியும் நிரூபிக்காத பகுதியும் சேரும் இடங்களில், வரையறையில், சரிபார்க்கும் கருவிகளில். நிரூபித்த புரோட்டோகாலில் ஒரு பிழையும் கிடைக்கவில்லை. பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது, திருடன் ஜன்னல் வழியாக வந்தான். இதிலிருந்து "பூட்டே வேண்டாம்" என்று முடிவெடுப்பவரை என்ன சொல்வது?

"அமேசானே 2025 அக்டோபரில் விழுந்ததே?" விழுந்தது. வர்ஜீனியா வட்டாரத்தில் டைனமோடிபியின் முகவரிப் பதிவைப் பராமரிக்கும் தானியங்கிகளில் ஒன்று பின்தங்கிப்போய், புதிய திட்டத்தின் மேல் பழைய திட்டத்தை எழுதிவிட்டது. இன்னொன்று அந்தப் பழையதைக் குப்பை என்று அழித்தது. முகவரியே காணோம், உலகம் பூராவும் பல சேவைகள் படுத்துவிட்டன. கவனியுங்கள், இதில் உடைந்தது முன்பு சரிபார்த்த பிரதி எடுக்கும் முறை கிடையாது, பக்கத்தில் ஓடிய வேறொரு பகுதி. உடைந்த விதம் என்ன? ஒருவன் தாமதமானான், இன்னொருவன் முந்தினான், வரிசை மாறியது. மாடல் செக்கர் தேடுவதே இந்த ரகப் பிழையைத்தான். இது வரையறைக்கு எதிரான சாட்சியா, ஆதரவான சாட்சியா?

"வரையறையே தப்பா இருந்தா?" இது நல்ல கேள்வி. தப்பான விதியைச் சரியாக நிரூபித்தும் பயனில்லை. டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கில் பிழை இருக்கலாம் என்று முதல் வருடமே படிக்கிறோம். விட்டுப்போன பதிவு, ஒன்றையொன்று ஈடுகட்டும் பிழை, இதெல்லாம் டேலி ஆகிவிடும். அதற்காக உலகத்தில் யாராவது டிரையல் பேலன்ஸ் போடுவதை நிறுத்திவிட்டார்களா? எழுதிவைத்த வரையறை தப்பென்றால் நாலு பேர் படித்துத் தப்பென்று சொல்லலாம். ஒருவர் மண்டைக்குள் இருக்கும் வரையறையை யார் படிப்பது?

இதெல்லாம் கணினிக்காரர்களின் உள்விவகாரம், மற்றவர்களுக்கு என்ன என்று தோன்றலாம். பிரிட்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

அங்கே போஸ்ட் ஆபீஸ் கிளைகளுக்கு 1999-லிருந்து ஹொரைசன் என்ற கணக்கு அமைப்பு வந்தது. ஊர் ஊராகக் கவுண்டரில் எழுதுவது மத்தியக் கணினிக்குப் போகும். கிளைகளில் திடீர் திடீரென்று பணம் குறைவதாகக் காட்டியது. ஒப்பந்தப்படி குறைந்த பணத்தைக் கிளை நடத்துபவர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். கட்டினார்கள். வீட்டை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. முடியாதவர்கள் மேல் திருட்டு வழக்கு, பொய்க்கணக்கு வழக்கு. 1999 முதல் 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளி என்று தீர்ப்பானது. கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண் 2010-இல் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

2019 டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கணினி அமைப்பின் பிழைகளைப் பட்டியல் போட்டது. அதில் ஒன்று ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் ஊர்க் கிளையில் வெளிப்பட்டது. ஒரே கிளைக்குள் ஒரு கவுண்டர் எழுதியது இன்னொரு கவுண்டருக்குப் போய்ச் சேரவில்லை. ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட பரிமாற்றத்தை, ஏற்கவில்லை என்று நினைத்து அங்கே மறுபடி ஏற்றார்கள். மேலே பார்த்த 500 ரூபாய் கதை நினைவிருக்கிறதா? அதேதான்! "ஒரு பரிமாற்றம் ஒரே ஒரு முறைதான் ஏறும்" என்ற ஒற்றை வரி விதி உடைந்தது. பழி விழுந்தது கல்லாவில் நின்றவர் தலையில்.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. கணினிப் பதிவைச் சாட்சியாகக் கொண்டுவருபவர், அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என்று இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. 1999-இல் அந்தப் பிரிவை நீக்கச் சட்டம் போட்டார்கள். அதன்பின் கணினி சரி என்பதே அனுமானம், தப்பென்று காட்டுவது குற்றம்சாட்டப்பட்டவர் பாடு. ஒரு கிராமத்துத் தபால்காரம்மா லட்சக்கணக்கான வரி நிரலில் எங்கே போய்ப் பிழையைக் காட்டுவார்? கடைசியில் 2024 மே மாதம் பாராளுமன்றமே தனிச்சட்டம் போட்டு நூற்றுக்கணக்கான தீர்ப்புகளை ரத்து செய்தது. அதற்குள் சிலர் செத்தே போயிருந்தார்கள்.

வரையறை ஒன்று இருந்திருந்தால் எல்லாம் தவிர்ந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. பிழை தெரிந்தும் மறைத்த மனிதர்களை எந்தக் கணிதமும் திருத்தாது. ஆனால் "இந்த அமைப்பு எதை ஒருபோதும் செய்யாது என்று எழுதியிருக்கிறீர்கள்? அதை எப்படிச் சரிபார்த்தீர்கள்? காட்டுங்கள்" என்று ஒரு வக்கீல் கேட்க வழி இருந்திருக்கும். "டெஸ்ட் பண்ணியாச்சு, ஓடுது" என்பது பதிலாக எடுபட்டிருக்காது.

நம்மூர் நிலவரத்துக்கும் இது பொருந்தும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. யுபிஐ பரிமாற்றத்தில் அனுப்பியவர் கணக்கில் கழிந்து பெறுபவர் கணக்கில் ஏறாமல் போனால், அடுத்த நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. நல்ல உத்தரவு. ஆனால் இது விபத்து நடந்த பிறகு கட்டும் கட்டு. பிரேக் இருக்கிறதா என்று வண்டி கிளம்பும் முன் பார்ப்பதும் வேண்டாமா?

ஒரு கம்பெனி பங்கு வெளியிட்டால் தணிக்கை செய்த கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. யாரும் "எங்க கணக்காளர் கெட்டிக்காரர், நம்புங்க" என்று தப்பிக்க முடியாது. பொதுமக்கள் பணத்தைத் தொடும் கணினி அமைப்புகளுக்கும் இதே மரியாதை வேண்டும். நிரலை வெளியிடச் சொல்லவில்லை, தொழில் ரகசியம் அவர்களிடமே இருக்கட்டும். உடையக்கூடாத விதிகள் எவை, எத்தனை கணினிகளை வைத்து எந்தக் கருவியில் சரிபார்த்தார்கள், எந்தப் பகுதியைச் சரிபார்க்கவில்லை, இந்த மூன்றையும் நாலு பக்கத்தில் எழுதி வெளியிடட்டும். மூன்றாவதுதான் முக்கியம். அதை எழுதும்போதுதான் ஜன்னல் எங்கே திறந்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரியும்.

இரண்டு மூன்று வாரப் படிப்பு, ஆயிரம் வரி எழுத்து, நாலு பக்க அறிக்கை. இதைக்கூடச் செய்யாமல் "ஓடுதுல்ல, விடு" என்கிறவர்களிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது. அது நின்ற பிறகு பழி யார் தலையில் விழும்? நிரல் எழுதியவர் தலையிலா, கவுண்டரில் நிற்பவர் தலையிலா?